அத்தையின் தாள்கள்: மூளை மின்வரைவின் கதை

நன்னிலத்தில் எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டி இறங்கியது. பாட்டியின் வெண்கலப் பாத்திரங்களுக்கும் நிலப் பத்திரங்களுக்கும் அடியில் காக்கி உறை ஒன்று இருந்தது. உள்ளே விசிறி மடிப்பாக மடித்து வைக்கப்பட்ட ஒரே நீளத் தாள். கூடத்தில் விரித்தேன், முற்றத்துத் தூண் வரை ஓடிற்று. எட்டு வரிசைகளில் மைக்கோடுகள் ஏறியும் இறங்கியும் நடுங்கியும் சென்றன. ஓரத்தில் பென்சிலால் சில ஆங்கில எழுத்துகள். என் அத்தைக்கு 1990இல் தஞ்சாவூரில் எடுக்கப்பட்ட மூளை மின்வரைவு அது. நாம் பேச்சில் இ.இ.ஜி. என்கிறோம்.

ஓலைச்சுவடி படிக்க முறையாகப் பயின்றவன் நான். புள்ளியில்லா மெய்யெழுத்தையும், ஒற்றைக் கொம்பில் குறில் நெடில் வேறுபடாத பழைய எழுத்துமுறையையும் தடுமாறாமல் வாசிப்பேன். ஆனால் என் குடும்பத்தின் விதியை எழுதிய இந்தத் தாளில் ஓர் எழுத்தைக்கூட என்னால் வாசிக்க முடியவில்லை. அந்த வெட்கத்தில் தொடங்கியதுதான் இந்தத் தேடல். கற்றதை இங்கே வைக்கிறேன். அறிவியல் பயின்ற நண்பர்கள் பிழை கண்டால் திருத்துக.

* * *

மூளையின் மேற்பரப்பில் மின்சாரம் உண்டு என்பதை முதலில் கண்டவர் லிவர்பூல் மருத்துவர் ரிச்சர்ட் கேட்டன். முயல்களின், குரங்குகளின் திறந்த மூளை மீது மின்வாய்களை வைத்துக் கால்வனோமீட்டரோடு இணைத்தார். கருவியின் சிறு கண்ணாடியிலிருந்து சுவரில் விழுந்த ஒளிப்புள்ளி, விலங்கு அசையாதபோதும் அசைந்துகொண்டே இருந்தது. விலங்கின் கண்ணில் ஒளி பட்டால், மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மின்னோட்டம் மாறியது. 1875இல் எடின்பரோவில் கூடிய பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் கூட்டத்தில் இதை அவர் அறிவித்தார். கேட்டவர்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1890இல், கேட்டனைப் பற்றி அறியாமலே போலந்தின் அடால்ஃப் பெக் அதே உண்மையைக் கண்டார்.

மனித மூளையின் மின்சாரத்தைத் தாளில் இறக்கியவர் ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். அவரை இதற்குத் தூண்டியது ஒரு விபத்து. 1892இல் படைப்பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்தடியிலிருந்து மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே வீட்டிலிருந்து அவர் நலம் விசாரித்துத் தந்தி வந்தது. தம்பிக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று தொலைவிலிருந்த தமக்கைக்கு மனம் பதைத்ததாம். மனத்திலிருந்து மனத்துக்கு ஏதோ ஓர் ஆற்றல் பாய்கிறது என்று பெர்கர் நம்பினார். அதை அளந்துவிடத் துடித்தார். தேடிய ஆற்றல் அகப்படவில்லை. முப்பதாண்டுத் தேடலின் முடிவில் அகப்பட்டது வேறொன்று. 1924 ஜூலையில், மூளை அறுவைக்கு வந்த பதினேழு வயது இளைஞன் ஒருவனின் தலையில் அந்த நுண்ணிய அலைவை முதன்முதலாகக் கண்டார். தம் கண்ணையே நம்பாமல் ஐந்தாண்டுகள் சோதித்துப் பார்த்து, 1929இல்தான் வெளியிட்டார். தம் மகன் கிளவுஸின் தலையிலும் எத்தனையோ முறை பதிவெடுத்திருந்தார்.

கண்ணை மூடி அமைதியாக இருப்பவரின் பின்மண்டையில் நொடிக்குப் பத்து என்ற அளவில் ஓர் அலை எழுகிறது. கண்ணைத் திறந்தால் அது மறைகிறது. இதற்கு ஆல்ஃபா என்று அவர் பெயரிட்டார். ஐரோப்பிய உடலியலார் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜின் எட்கர் ஏட்ரியனும் மேத்யூஸும் ஏட்ரியனின் தலையிலேயே மின்வாய் பொருத்திக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். அவ்விருவரும் நீர்வண்டு ஒன்றின் நரம்பு முடிச்சிலும் இதை ஒத்த சீரலையைக் கண்டார்கள். மனிதச் சிந்தனையின் கையெழுத்து என்று கருதப்பட்டதன் சாயல் குளத்து வண்டிடமும் இருந்தது.

பெர்கரின் கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். 1933இல் நாஜி அரசு பரம்பரை நோயாளிகளுக்குக் கருத்தடை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் பட்டியலில் பரம்பரை வலிப்பு நோயும் இருந்தது. யாருக்குக் கருத்தடை என்று முடிவுசெய்த மரபுநல நீதிமன்றத்தில் பெர்கரும் உறுப்பினராக அமர்ந்தார் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஆவணங்களோடு நிறுவியிருக்கிறார்கள். வலிப்பு நோயைப் புரிந்துகொள்ள உலகுக்குக் கருவி தந்த கை, வலிப்பு நோயாளியின் சந்ததியை மறுக்கும் தீர்ப்பிலும் பங்குகொண்டது. 1941இல் மனச்சோர்வில் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

* * *

அலை இருக்கிறது, சரி. அது எதிலிருந்து எழுகிறது? இந்தக் கேள்விக்கு விடை காண மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. விடையின் திறவுகோல், நரம்பணுக்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இரு கட்சிகள் இருந்தன. நரம்பு மண்டலம் முழுவதும் அறுபடாத ஒரே வலை என்றார் இத்தாலியின் கால்ஜி. ஒவ்வொரு நரம்பணுவும் தனித்த உயிர். அவை நெருங்கித் தொட்டுக்கொள்ளுமே தவிர ஒன்றாகிவிடுவதில்லை என்றார் ஸ்பெயினின் காஹால். 1906இல் இருவருக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்தளித்தார்கள். மேடையிலும் அவர்கள் உடன்படவில்லை. காஹால் சொன்னதே சரியென்று பின்னர் தெளிவாயிற்று.

அந்தச் சந்திப்புக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. 1897இல் ஆங்கில உடலியலாளர் ஷெரிங்டன் பாடநூல் ஒன்றுக்கு எழுதும்போது பெயர் தேடினார். பெயர் தந்தவர் கேம்பிரிட்ஜில் கிரேக்க இலக்கியம் கற்பித்த வெரல். யூரிப்பிடிஸின் நாடகங்களில் தோய்ந்தவர். அவர் தந்த சொல்தான் சினாப்ஸ். சேர்த்துப் பிடித்தல் என்ற பொருளுடைய கிரேக்க வேர். நரம்பியலின் மையச் சொல்லை வழங்கியவர் ஓர் இலக்கிய ஆசிரியர் என்று அறிந்தபோது, அதே தொழில் செய்பவன் என்ற முறையில் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தமிழ் மாணவனுக்கு இந்த இடம் அந்நியமன்று. நிலைமொழியும் வருமொழியும் புணரும்போது என்ன நிகழ்கிறது என்பதற்குத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டார். இரண்டும் தனிச்சொற்கள்தாம், ஆயினும் சந்திக்கும் இடத்தில் ஒன்று தோன்றுகிறது, திரிகிறது அல்லது கெடுகிறது. மணி என்பதும் அடித்தான் என்பதும் சேரும்போது இடையே ஒரு யகர உடம்படுமெய் வந்து நிற்கிறது. அது முதற்சொல்லுக்கும் உரியதன்று, அடுத்ததற்கும் உரியதன்று. தொல்காப்பியருக்கு நரம்பியல் தெரியும் என்று நிறுவ நான் வரவில்லை. அத்தகைய நிறுவல்களால் தமிழுக்கு நேர்ந்த கேடு போதும். புரிந்துகொள்ள எனக்கு உதவிய ஓர் உவமை என்ற அளவில் மட்டும் சொல்கிறேன்.

நரம்பணுக்களுக்கு இடையிலான உடம்படுமெய் எது? மின்பொறி தாவுகிறது என்றார் ஒரு சாரார். வேதிப்பொருள் கசிகிறது என்றார் மறுசாரார். 1921இல் ஓட்டோ லோவி, ஒரு தவளையின் இதயத்து நரம்பைத் தூண்டி, அது மூழ்கியிருந்த நீரை வேறொரு தவளையின் இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. ஆக, நரம்பு முனை ஏதோ ஒன்றைச் சுரக்கிறது. ஆனால் மூளையிலும் தண்டுவடத்திலும் அப்படியன்று, அங்கே எல்லாம் மின்சாரமே என்று பிடிவாதமாக வாதிட்டவர் ஆஸ்திரேலியரான ஜான் எக்கிள்ஸ். 1951இல் நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிராக், கூம்ஸ் என்னும் தோழர்களோடு பூனையின் தண்டுவட நரம்பணு ஒன்றுக்குள்ளேயே நுண்ணிய கண்ணாடி மின்வாயைச் செலுத்தினார். தடுப்புச் சமிக்ஞை வரும்போது உள் மின்னழுத்தம் எந்தப் பக்கம் செல்லும் என்று தம் கொள்கைப்படி முன்கூட்டியே கணித்திருந்தார். அது எதிர்ப்பக்கம் சென்றது. அவர் கொள்கை தோற்றது. தோற்றதை அவரே எழுதி வெளியிட்டார். ஒரு கொள்கை எங்கே பொய்க்கும் என்பதைத் தேடிச் செல்வதே அறிவியல் என்று அவருக்கு முன்பே உணர்த்தியிருந்தவர் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர். 1963இல் எக்கிள்ஸ் நோபல் பரிசு பெற்றார். தம் கட்சி தோற்ற அன்று அதை ஒப்புக்கொண்ட இலக்கிய விமர்சகர் எவரையேனும் நம்மிடையே காட்ட முடியுமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

* * *

இப்போது மேற்பரப்புக்குத் திரும்பலாம். நரம்பணு ஒன்று செய்தி அனுப்பும்போது எழும் மின்துடிப்பு ஏறத்தாழ 100 மில்லிவோல்ட் அளவினது. ஆனால் ஓராயிரத்தில் ஒரு பங்கு நொடியில் முடிந்துவிடும். மண்டையோட்டின் மீது நாம் பதிவு செய்யும் அலையோ 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரை மட்டுமே. ஆனால் அகன்றது, நிதானமானது. இந்த அலை அத்தகைய எண்ணற்ற துடிப்புகளின் கூட்டுத்தொகை என்றே முதலில் பலரும் எண்ணினார்கள்.

1950களின் தொடக்கத்தில் மான்ட்ரியாலில் சோ லு லியும் ஹெர்பர்ட் ஜாஸ்பரும் பூனையின் பெருமூளைப் புறணிக்குள் நுண்மின்வாயை இறக்கினார்கள். ஆழ்ந்த மயக்கத்தில் தனித்துடிப்புகள் ஓய்ந்துவிட்ட பின்னும் மேற்பரப்பில் அலை தொடர்ந்தது. அப்படியானால் அலையின் ஊற்று துடிப்பில் இல்லை. சினாப்ஸில் வேதிப்பொருள் வந்து சேரும்போது, ஏற்கும் நரம்பணுவில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு நொடியில் மறையாமல், பத்துப் பதினைந்து மில்லிநொடியோ அதற்கு மேலுமோ நீடிக்கும் சிறு மின்னழுத்த மாற்றம் உண்டாகிறது. மெதுவானது என்பதால் அண்டையிலுள்ளவற்றோடு கூடிப் பெருகுகிறது. மேற்பரப்பில் நாம் காணும் அலை, பெரும்பாலும் இந்தச் சினாப்ஸ் மின்னழுத்தங்களின் கூட்டே. ஒரு நரம்பணு பேசுவதை இ.இ.ஜி. காட்டுவதில்லை; பல இலட்சம் நரம்பணுக்கள் கேட்டுக்கொண்டிருப்பதைக் காட்டுகிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. தை பிறக்கும் முன் சம்பா கதிர் முற்றி நிற்கும்போது, சாலையோரம் நின்று வயலைப் பாருங்கள். காற்றில் அலை ஒன்று வரப்பிலிருந்து வரப்புக்கு ஓடும். எந்தப் பயிரும் இடம்பெயர்வதில்லை. ஒவ்வொன்றும் நின்ற இடத்தில் சாய்ந்து எழுகிறது. எல்லாம் ஒரே திசையில் நிமிர்ந்து வரிசையாக நிற்பதால் அலை நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதே நாற்றுகளைக் களத்தில் குவித்துப் போட்டால் எவ்வளவு காற்றடித்தாலும் அலை இல்லை. மூன்று மில்லிமீட்டர் அளவே தடித்த புறணியில், பிரமிடு நரம்பணுக்கள் இப்படித்தான் மேற்பரப்பை நோக்கித் தம் கிளைகளை நிமிர்த்தி நிற்கின்றன. சில சதுர சென்டிமீட்டர் பரப்பிலுள்ளவை ஒன்றாய்ச் சாய்ந்தால்தான் மண்டையோட்டுக்கு வெளியே அலை எட்டுகிறது.

சாலையில் நிற்பவனுக்கு ஓர் இக்கட்டும் உண்டு. புறணியின் மேலடுக்கில் ஏவல் சமிக்ஞை வந்தால் மேற்பரப்பு எதிர்மின் பக்கம் சாயும். ஆழடுக்கில் ஏவல் வந்தால் நேர்மின் பக்கம் சாயும். ஆனால் மேலடுக்கில் தடுப்புச் சமிக்ஞை வந்தாலும் அதே நேர்மின் பக்கமே சாயும். கோடு ஒன்றுதான், காரணம் இரண்டு. மெய்ப்பாட்டைக் கண்டு உள்ளத்தைச் சொல்லலாம் என்பது நம் பொருளிலக்கணம். கண்ணீரைப் பார்த்துத் துயரமா உவகையா என்று திணையும் துறையும் அறியாமல் சொல்லிவிட முடியுமா? மின்வரைவும் அத்தகையதே. சூழல் அறியாதவன் அதைப் பிழையாகத்தான் வாசிப்பான்.

* * *

இந்தக் கருவி வலிப்பு நோய்க்குச் செய்த நன்மை பெரிது. 1935இல் பாஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகியோர், சிறுவர்கள் சில நொடிகள் நினைவிழந்து வெறித்து நிற்கும் வகை வலிப்பில், நொடிக்கு மூன்று என்ற கணக்கில் கூர்முனையும் அலையுமாக ஒரு வடிவம் எழுவதைக் காட்டினார்கள். பேயும் சாபமும் முன்வினையும் என்று சொல்லப்பட்ட ஒன்று, மைக்கோட்டில் வடிவம் பெற்றது.

தமிழகம் இதில் பின்தங்கவில்லை. மான்ட்ரியாலில் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1952இல் இந்தியாவின் முதல் வலிப்பு நோய் அறுவையை அங்கே செய்தார். சென்னைப் பொது மருத்துவமனையில் 1950இல் அத்துறையைத் தொடங்கியவர் பா. ராமமூர்த்தி. 1922இல் சீர்காழியில் பிறந்தவர். எங்களூர் நிலையத்தில் ஏறி மயிலாடுதுறையில் வண்டி மாறினால் சீர்காழி. பின்னாளில் அவரோடு ஆழ்மூளை அறுவை முறையை வளர்த்த குழுவில் டி. எஸ். கனகாவும் இருந்தார், ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களுள் ஒருவர். 1951இல் சென்னையில் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவியோர் நால்வர்: சாண்டி, ராமமூர்த்தி, நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங், மூளை மின்வரைவில் ஈடுபட்டிருந்த எஸ். டி. நரசிம்மன். நால்வரில் ஒருவர் இந்த அலைகளுக்கென்றே இருந்தார் என்பது கருதத்தக்கது.

அந்த பல்தேவ் சிங்கின் பெயர் வேறோர் இடத்திலும் வருகிறது. 1957இல் மிச்சிகனிலிருந்து பாசு குமார் பாக்சியும் கலிஃபோர்னியாவிலிருந்து வெங்கரும் இந்திய யோகிகளைக் கருவியோடு தேடி வந்தார்கள். இதயத்தை நிறுத்துவதாகச் சொல்லப்பட்டவர்களைச் சோதித்தார்கள். அவர்களுள் ஒருவர் அப்போது சென்னையில் வாழ்ந்த யோக ஆசான் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். நாடி தளர்ந்தது, ஆனால் இதய மின்வரைவு நிற்கவில்லை. மூச்சடக்கி மார்பை இறுக்குவதால் இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகிறது, அதனால்தான் நாடி தெரியவில்லை என்று 1961இல் எழுதினார்கள். அதே ஆண்டு தில்லி எய்ம்ஸில் பி. கே. ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் மூவரும் யோகிகளின் மூளை மின்வரைவை வெளியிட்டார்கள். தியானத்தில் ஆல்ஃபா அலை ஓங்கி நின்றது. ஒளி, ஓசை, சூடு எதுவும் அதைக் கலைக்கவில்லை. வேறு இருவர் 4 பாகை குளிர்நீரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கையை வைத்திருந்தபோதும் அலை மாறவில்லை. சோதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே. சமாதி நிலைக்கு விஞ்ஞானச் சான்று கிடைத்துவிட்டது என்று மேடைகளில் முழங்கியவர்கள் கட்டுரையைப் படித்திருக்க வாய்ப்பில்லை. கட்டுரை சொன்னது, கண்டதை மட்டும்.

* * *

அத்தைக்கு வலிப்பு வந்த நாட்கள் எனக்குச் சிறுவயது நினைவாக இருக்கின்றன. பாட்டி ஓடிவந்து கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணிப்பாள். அதனால் பயனில்லை என்று அன்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும். மருத்துவரைப் பார்த்து, மின்வரைவு எடுத்து, மாத்திரை தொடங்கிய பிறகு வலிப்பு நின்றுபோயிற்று. மறுஆண்டு வரன் அமைந்தது. நிச்சயதார்த்தத்துக்குப் பின் எப்படியோ செய்தி போய், மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அப்பா மறைக்கவில்லை, தாளையே எடுத்துக் காட்டினார். அதை யாரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. உறையைக் கண்டதே போதுமாயிருந்தது. "சட்டத்துலயே செல்லாதுங்க" என்றார் வந்தவர்களில் பெரியவர்.

அவர் சொன்னது பொய்யன்று. 1976இல் திருத்தப்பட்ட இந்துத் திருமணச் சட்டத்தில், மீண்டும் மீண்டும் வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதியற்றவராகப் பித்துப் பிடித்தவரோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருந்தார். அத்தகைய திருமணத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம். 1999இல்தான் வலிப்பு என்ற சொல் அங்கிருந்து நீக்கப்பட்டது. வேலூரிலும் சென்னையிலும் இந்நோய்க்கு அறுவை செய்து பல ஆண்டுகள் கழிந்த பின் நம் நாடாளுமன்றம் அச்சொல்லைச் சேர்த்தது என்பதை வரலாற்று மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். யேனாவின் நீதிமன்றத்தை நாம் எளிதாகச் சபித்துவிடுகிறோம்.

அத்தை மணம் செய்துகொள்ளவில்லை. தையல் வேலை செய்து, என்னைப் படிக்க வைத்து, எட்டாண்டுகளுக்கு முன் வேறு நோயால் மறைந்தார்.

என் பழைய மாணவர் ஒருவர் இன்று மின்வரைவுக்கூடத்தில் பணியாற்றுகிறார். தாளை அவரிடம் கொண்டுபோனேன். மேசையில் மடிப்பு மடிப்பாகத் தள்ளிப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"ஐயா, இதுல கோளாறா ஒண்ணுமே இல்லீங்களே" என்றார்.

வலிப்பு உள்ளவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு முதல் பதிவு இப்படித்தான் இயல்பாக இருக்குமாம். வலிப்பு இல்லாத நேரத்தில் எடுத்தால் வயல் அமைதியாகத்தானே இருக்கும். அத்தைக்கு நோய் இருந்தது உண்மை. ஆனால் அதை அறிவிக்கும் ஒரு கோடும் அந்தத் தாளில் இல்லை. பத்திரங்களுக்கு அடியில் நாங்கள் ஒளித்து வைத்திருந்தது ஆரோக்கியமான ஒரு மூளையின் பதிவைப் போலவே இருந்தது.

ஓரத்துப் பென்சில் எழுத்துகள், கண் மூடியது, கண் திறந்தது என்பதற்கான சுருக்கங்கள். மாணவர் விரலால் காட்டினார். கீழிரு வரிசைகளில் ஓரிடத்தில் சீரான அலை தொடங்குகிறது. ஒரு கை நீளம் ஓடி, சட்டென அடங்குகிறது. இப்போது அந்த ஒன்றை மட்டும் என்னாலும் வாசிக்க முடிகிறது. இங்கே அத்தை கண்களை மூடிக்கொண்டிருக்கிறார். இங்கே திறக்கிறார்.